மடியும் ஊக்கமும்

குமரி மாவட்டத்துப் பேச்சு வழக்கில் இன்னும் உயிரோடு உலவும் பழஞ்சொற்களுள் ஒன்று 'மடி'. பிற மாவட்டத்தார் சோம்பல் என்று சொல்லுமிடத்தில் நாங்கள் மடி என்போம். வேலைக்குப் போகாதவன் மடியன். விடிந்த பின்னும் பாயை விட்டு எழாத பிள்ளைக்கு 'மடி பிடித்துவிட்டது'. பிடித்துவிட்டது என்னும் அவ்வினைச் சொல் கவனிக்கத்தக்கது. காய்ச்சல் பிடித்தது, சளி பிடித்தது என்பது போலவே, வெளியிலிருந்து வந்து மனிதனைப் பற்றிக்கொள்ளும் ஒன்றாகத்தான் எங்கள் பேச்சு மடியைக் கருதுகிறது. ஆனால் காய்ச்சல் பிடித்தவனுக்குக் கஞ்சி கிடைக்கிறது; மடி பிடித்தவனுக்கு வசைதான் கிடைக்கிறது. திருவள்ளுவர் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாகவும், மடியின்மையை 61ஆம் அதிகாரமாகவும், ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். மூன்றும் பொருட்பாலின் அரசியல் பகுதியில் வருவன. மனத்தில் எழும் எழுச்சி, அதைத் தடுக்கும் தளர்ச்சி, எழுச்சி செயலாகும் முயற்சி என்று மூன்றையும் அவர் தனித்தனியே பிரித்துக் கண்டது எனக்கு வெகுகாலம் வெறும் அதிகார முறைமையாகவே தோன்றியது. பிரிவினையின் நுட்பம் எங்கள் வீட்டிலேயே விளங்க நேர்ந்தது.

என் தந்தையார் தச்சர். அயனியும் பலாவும் தேக்கும் அவர் கைபட்டால் கட்டிலாகும், கதவாகும், கோவில் பீடத்து மெழுகுதிரித் தண்டாகும். 1995ஆம் ஆண்டில், அவருடைய ஐம்பத்தேழாம் வயதில், அவர் மெல்ல மெல்லப் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். போக மாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. காலையில் தேநீர் அருந்திவிட்டுத் திண்ணையில் அமர்வார். பத்து மணியாகும், பன்னிரண்டாகும், அங்கேயே இருப்பார். ஒப்புக்கொண்ட வேலைகள் நின்றன. முன்பணம் கொடுத்தவர்கள் வாசலில் வந்து சத்தமிட்டார்கள். என் தாய்மாமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அத்தானுக்கு மடிதான். மகன் வாத்தியார் ஆயிட்டான்லா, இனி உக்காந்து திங்கலாம்னு நெனச்சிட்டாரு" என்று ஊரறியப் பேசிவிட்டுப் போனார். அப்பா மறுமொழி கூறவில்லை. முகத்தில் சினமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த முகமே எனக்கு ஐயத்தைத் தந்தது. வாய்ச்சண்டையில் மாமனுக்குச் சற்றும் இளைத்தவரல்லர் அவர்.

இரவில் தனியே இருக்கும்போது கேட்டேன். அவர் நெடுநேரம் கழித்துச் சொன்னது இதுதான்: "வேண்டாம்னு இல்ல மக்கா. வேணும்னு வரல்ல."

அடுத்த மாதம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அப்பாவை நடக்கச் சொன்னார். வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டியிருந்தது. ஒரு தாளில் ஒன்று முதல் இருபது வரை எழுதச் சொன்னார். இலக்கங்கள் போகப் போகச் சிறுத்து, இருபதில் கடுகளவாகிவிட்டன. அப்போதுதான் எனக்குப் பட்டறையில் கிடந்த பலகைகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் மேல் அப்பா பென்சிலால் குறித்திருந்த அளவுகளும் ஓராண்டாகவே சிறுத்துக்கொண்டு வந்திருந்தன. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: பார்க்கின்சன் நோய். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் எழுதிய சிறு நூலால் அப்பெயர் பெற்றது. நம்மவர் நடுக்குவாதம் என்பது இதனைத்தான். ஆனால் நடுக்கம் மட்டுமே நோயன்று. சிலருக்கு நடுக்கம் மிகக் குறைவாகவும், தொடங்க இயலாமை மிகுதியாகவும் இருக்கும். அப்பாவுக்கு அப்படி.

மூளைத் தண்டின் மேற்பகுதியில் கருநிறம் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து மூளையின் வேறு பகுதிகளுக்கு அனுப்புகின்றன. மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களுள் இத்தொழிலைச் செய்பவை சில இலட்சமே. அவற்றுள் கணிசமான பங்கு அழிந்த பிறகே நோய் வெளியில் தெரியத் தொடங்குகிறது. அழிவது உடம்பை அசைக்கும் ஆற்றல் மட்டுமன்று. அசைய வேண்டும் என்னும் எண்ணத்தின் விசையும் அதனோடு போகிறது. திண்ணையில் அமர்ந்திருந்த அந்த மனிதரிடம் குறைந்திருந்தது மானமன்று, நன்றியன்று, பொறுப்பன்று. குறைந்திருந்தது இந்தச் சுரப்பு.

இதை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் வைத்தியர்கள் மனக்கொதிப்பைத் தணிக்கப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்கு அது மருந்தாயிற்று. ஆனால் உட்கொண்டவர் சிலர் செயலற்றுச் சோர்ந்தனர். 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்ப்பின் கொடுத்தார். முயல்கள் காதுகள் தொங்க, கல்லாய்க் கிடந்தன. பின்பு அவற்றுக்கு டோபமினாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தினார். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன; முயல்கள் எழுந்து ஓடின. இதற்காகவும் இதனைத் தொடர்ந்த ஆய்வுகளுக்காகவும் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இன்னொரு வியப்பும் உண்டு. அந்த டோபா நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையில் இருப்பதை 1937இலேயே தாமோதரன், ராமசாமி என்னும் இரு இந்திய வேதியியலாளர் பிரித்துக் காட்டியிருந்தனர். (இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலி விதையை அரைத்துக் குடிக்கப் புறப்பட வேண்டா. அளவு தெரியாத மருந்து நஞ்சு.)

அப்பாவுக்கும் அந்த லீவோடோபா மாத்திரையே தரப்பட்டது. டோபமினை நேரே கொடுத்தால் குருதியிலிருந்து மூளைக்குள் அது நுழையாது. லீவோடோபா நுழைந்து, உள்ளே சென்று டோபமினாக மாறும். உண்பதற்கு அரைமணி முன்னர் கொடுக்க வேண்டும் என்றார்கள். மீன்குழம்போடு வயிறு நிறைய உண்ட நாள்களில் மாத்திரை சரியாக ஏறுவதில்லை என்பதை மருத்துவர் சொல்லும் முன்பே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். புரதம் மிகுந்த உணவு அம்மருந்தோடு போட்டியிடும் என்பதே காரணம். மாத்திரை ஏறிய வேளைகளில் அப்பா தாமே எழுந்து தீட்டுக்கல்லை எடுப்பார். உளி தீட்டும் ஓசை கேட்டால் மருந்து வேலை செய்கிறது என்று அடுப்படியிலிருந்தே அம்மா அறிந்துகொள்வாள்.

அந்த ஓசைதான் என்னைப் படிக்கத் தூண்டியது. நான் அறிவியல் ஆசிரியனல்லன், தமிழாசிரியன். ஆயினும் மேனிலைப் பள்ளியில் முப்பதாண்டுகள் பிள்ளைகளைப் பார்த்து 'ஊக்கம் வேண்டும்' என்று சொல்லி ஊதியம் பெற்றவன். ஊக்கம் என்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு இருந்தது.

பலரும் டோபமினை இன்பச் சுரப்பு என்று எண்ணியிருக்கிறார்கள். செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. அதற்கொரு காரணம் உண்டு. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பி பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் சிறு மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தனர். எலிகள் பிறவற்றை விட்டு அதையே அழுத்திக்கொண்டிருந்தன. இன்பத்தின் இருப்பிடம் அகப்பட்டுவிட்டது என்று உலகம் ஆரவாரித்தது. ஆனால் 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெர்ரிட்ஜ் என்பவர் வேறொன்றைக் கண்டார். டோபமின் அழிக்கப்பட்ட எலியின் நாவில் சர்க்கரை நீரை வைத்தால், அது முன்போலவே சுவைத்து நாக்கைச் சப்புகிறது, இன்பம் குறையவில்லை. ஆனால் எதிரே உணவிருந்தாலும் அது நாடிச் செல்வதில்லை. விரும்புதல் வேறு, நாடுதல் வேறு. டோபமின் நாடுதலுக்கு உரியது. என் தந்தையார் பத்தே சொற்களுக்குள் சொன்னதை ஆய்வகம் இத்தனை ஆண்டு முயன்று கண்டுபிடித்தது. அவருக்கு மரவேலையின் மீது விருப்பம் குறையவே இல்லை. நல்ல தேக்கைக் கையில் கொடுத்தால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஜான் சலமோன் செய்த சோதனை இன்னும் என் மனத்துக்கு நெருக்கமானது. பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் உணவு மிகுதி, ஆனால் நடுவே ஏறிக் கடக்க வேண்டிய தடுப்பு. மறுபக்கம் உணவு கொஞ்சம், தடை ஏதுமில்லை. நலமான எலி தடுப்பை ஏறிக் கடந்து மிகுதியைப் பெறுகிறது. டோபமின் குறைந்த எலி கொஞ்சத்தோடு அமைகிறது. தடுப்பை எடுத்துவிட்டால் அந்த எலியும் மிகுதியையே தேர்கிறது! எது நல்லது என்னும் அறிவு அதற்குக் குறையவில்லை. தடுப்பின் உயரம்தான் அதன் கண்ணுக்கு வளர்ந்துவிட்டது. தேர்வுக்கு முன்னால் புத்தகத்தைத் திறக்க முடியாமல் அமர்ந்திருக்கும் மாணவனிடம் 'படித்தால் நல்லது' என்று நூறாவது முறை சொல்வதில் என்ன பயன்? நல்லது என்பதை அவன் நம்மைவிட நன்றாக அறிவான். தடுப்பைத் தாழ்த்த வழியுண்டா என்பதே கேள்வி.

அதற்கு அப்பாவின் பட்டறைப் பழக்கம் ஒன்று எனக்கு விடை போலத் தோன்றுகிறது. நோய் வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம் அது. மாலையில் வேலை முடிக்கும்போது ஒருபோதும் அவர் ஒரு மூட்டை முழுதும் முடித்துவிட்டு எழுந்ததில்லை. உளிகளைத் தீட்டி வைப்பார். நாளை அறுக்க வேண்டிய முதல் பலகையின் மேல் பென்சிலால் கோடிட்டு, இரம்பத்தால் ஒரு விரற்கடை அறுத்தும் விடுவார். அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவுவார். "காலையில வந்தா எங்கே தொடங்கணும்னு யோசிக்கப்பிடாது மக்கா. யோசிச்சா காப்பி குடிக்கத் தோணும்" என்பார். மறுநாளின் தடுப்பை முதல்நாளே பாதியாக்கி வைக்கும் கலை அது. டோபமின் என்னும் சொல்லை அவர் அப்போது கேள்விப்பட்டதில்லை.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளிடம் கண்டதையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் அணுக்கள் துடிக்கின்றன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிடுகிறது. சாறு வரும்போது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்குகிறது. எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே இந்த அணுக்கள் கணக்கிடுகின்றன என்று ஷுல்ட்ஸும் அவருடைய தோழர் இருவரும் 1997இல் எழுதினர். விளக்கு என்ற இடத்தில் பட்டறைக் கதவின் தாழ் ஓசையை, மரத்தூளின் மணத்தை வைத்துப் பாருங்கள். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தொடக்கம் என்று பெரியோர் வற்புறுத்தியதன் உட்பொருள் விளங்கும். ஆண்டிறுதிப் பரிசைக் காட்டி ஒவ்வொரு நாளும் உழைக்கச் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்பதும் விளங்கும். பரிசு தொலைவில் இருக்கிறது. விளக்கோ எரிவதே இல்லை.

இதே கணக்கின் இருண்ட பக்கமும் உண்டு. பரிசு வருமா வராதா என்பது சரிபாதியாக இருக்கும்போது இந்த அணுக்களின் காத்திருப்புத் துடிப்பு மிகுதியாகிறது என்று 2003இல் ஷுல்ட்ஸ் குழுவினரே கண்டனர். அதே 2003இல்தான் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் இன்றும் வாங்கலாம் என்பது எங்கள் ஊரார்க்கு நன்கு தெரியும். இப்போது களியக்காவிளைக்கும் போக வேண்டியதில்லை. கைப்பேசியை விரலால் தள்ளத் தள்ள, அடுத்து வருவது சுவையானதா வெறுமையானதா என்று தெரியாத சீட்டுக்குலுக்கல் நாள் முழுதும் நடக்கிறது. நாடுதலின் விசை முழுவதும் அங்கே செலவாகும்போது வரலாற்றுப் பாடத்தின் தடுப்பு மலையாகத் தெரிவதில் வியப்பில்லை. சில நாள் எல்லா இன்பங்களையும் விலக்கி 'டோபமின் நோன்பு' இருந்தால் சுரப்பு தூய்மையாகும் என்று சிலர் சொல்கிறார்கள். நோன்பிருந்து வெளியேற்றும் அழுக்கன்று டோபமின். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அமர்வதில் பயனுண்டு. அதற்கு வேதியியல் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள மழலையர் சிலருக்கு, வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர் லெப்பர் முதலிய மூவர். 1973இல் வெளிவந்த ஆய்வு அது. சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம் சான்றிதழே பேசப்படாத பிள்ளைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எண்பது மதிப்பெண்ணுக்கு மிதிவண்டி, தொண்ணூறுக்குக் கைப்பேசி என்று பேரம் பேசும் வீடுகள் இதைச் சிந்திக்கலாம். உறக்கத்தையும் சிந்திக்கலாம். ஓர் இரவு விழித்தவர்களின் மூளையில் டோபமினை ஏற்கும் இடங்கள் குறைந்து காணப்பட்டதாக 2012இல் நோரா வோல்கோவ் குழுவினர் அறிவித்தனர். என் வகுப்பில் ஒரு மாணவன் விடியுமுன் எழுந்து ரப்பர் பால்வெட்டப் போய்விட்டு ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வருவான். ஆசிரியர் அறையில் அவனுக்கு மடியன் என்று பெயர். நாங்கள் அனைவரும் எழும் முன்பே முந்நூறு மரம் வெட்டிவிட்டு வந்தவன் அவன்!

இத்தனையும் சொல்வதால் எல்லாம் வேதிப்பொருளே, மனிதனுக்குப் பொறுப்பில்லை என்று நான் கூறுவதாகக் கருத வேண்டா. டோபமினைப் போலச் செயல்படும் வேறு சில மாத்திரைகளைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தருவதுண்டு. அவற்றை உண்டவர்களுள் ஒரு பகுதியினர் வாழ்நாளில் தொடாத சூதாட்டத்தில் வெறிகொண்டனர். சிலர் தேவையற்றவற்றை வாங்கிக் குவித்தனர். மருந்தை நிறுத்தியதும் பலருக்கு அவ்வெறி அடங்கியது. விசை கூடுவதாலேயே ஒருவன் நல்லுழைப்பாளி ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மாத்திரை அப்பாவை எழச் செய்தது. எழுந்தவர் உளியை எடுத்ததற்குக் காரணம் மாத்திரையன்று. அதற்கு முன்னால் நாற்பதாண்டு உளி பிடித்த வாழ்வு.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் இந்தத் தளர்ச்சியை நுணுக்கமாக எழுதிவைத்தார். நண்பகலில் துறவியைப் பிடிக்கும் தீய ஆவி என்றார் அதை. கதிரவன் நகராமல் நிற்பது போலத் தோன்றும். உணவு வேளை இன்னும் எவ்வளவு தொலைவு என்று துறவி சாளரத்தையே பார்ப்பார். அவரும் 'பிடித்தல்' என்றே கண்டார் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அவர் வழிவந்த காசியான் ஒரு செய்தி சொல்கிறார். பவுல் என்னும் துறவி ஊரைவிட்டு ஏழு நாள் நடைக்கும் அப்பால் வாழ்ந்தார். செய்த பொருளை விற்க வழியில்லை. சுமைகூலி கூலியைவிட மிகும். ஆயினும் நாள்தோறும் பேரீச்ச ஓலை சேர்த்து, தமக்கென விதித்த வேலையைக் குறையாமல் செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அனைத்தையும் தீயிட்டுவிட்டு மீண்டும் தொடங்கினார். பலனை எரித்தவர் வேலையை எரிக்கவில்லை. கூலியில்லா உழைப்பைப் போற்றிப் பிறர் உழைப்பைச் சுரண்டுவோர் இக்கதையைக் கையில் எடுக்காதிருக்க வேண்டும் என்பது என் தனிக் கவலை.

அப்பா 1997இல் ஒரு முக்காலி செய்தார். நலமாயிருந்தபோது ஒரு நாள் வேலை. அதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று. மாத்திரைக்கும் மாத்திரைக்கும் இடையில், ஒரு நாளைக்கு முக்கால் மணிநேரம். சில நாள் அதுவுமில்லை. முடிந்ததும் மாமனை வரச் சொல்லி அவரிடமே அதைக் கொடுத்தார். மாமன் அதன் மேல் அமரவில்லை. தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு போனார். 2009இல் அப்பா இறந்தபோது, பெட்டிக்கு ஆணி அறைய வந்த தச்சரை விலக்கிவிட்டுத் தாமே அறைந்தவரும் அவர்தான்.

பணி ஓய்வுக்குப் பின் நான் எங்கள் பகுதித் தச்சர்களின் சொற்களைத் திரட்டி வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு. விடியற்காலை ஐந்தரைக்கு அதே மேசை, கைப்பேசி அடுப்படியில். மாலையே மறுநாள் சொல்லை எடுத்து, பொருள் விளக்கத்தின் முதல் வரியைப் பாதி எழுதி வைத்துவிடுவது வழக்கம். ஆயிரத்து நூறு சீட்டுகள் ஆகியிருக்கின்றன. இவற்றை அச்சிட யாரும் இதுவரை கேட்கவில்லை. நாளைக்குக் கொட்டாப்புளி. 'உளியின் தலையில் அடிக்கப் பயன்படும் மரச்' என்பது வரை எழுதி வைத்திருக்கிறேன்.